ஐந்து வோல்ட் எங்கே இருக்கிறது? கணபங்க வாதமும் மின்னழுத்த இறக்கியும்

நிலையாகத் தோன்றும் ஒரு பொருள் உள்ளபடியே நிலைத்து நிற்கிறதா, அல்லது கணந்தோறும் தோன்றிக் கணந்தோறும் மறையும் நிகழ்ச்சிகளின் வரிசையை மனம் ஒன்றாகக் கோத்துப் பொருள் என்று பெயரிட்டுக்கொள்கிறதா என்னும் வினா, இந்தியச் சமயங்களிடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்த வாதங்களில் தலையாயது. உள்ளது எதுவும் ஒரு கணமே இருக்கும், மறுகணம் அதன் இடத்தில் இன்னொன்று தோன்றும் என்னும் பௌத்தக் கொள்கை கணபங்கம் எனப்பட்டது. அவ்வாறு அடுத்தடுத்துத் தோன்றும் கணங்களின் இடையறாத் தொடருக்குச் சந்தானம் என்று பெயர். தமிழில் மணிமேகலை பௌத்தத்தின் பக்கம் நின்று பேசியது. நீலகேசி சமணத்தின் பக்கம் நின்று பௌத்த ஆசிரியர்களோடு சருக்கம் சருக்கமாக வாதிட்டது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவுகள் நான்கையும் தனித்தனியே எடுத்துக்கூறி மறுத்தார். இவ்வாதங்களில் பல தரப்பினரும் விளக்குச் சுடரையும் ஆற்றுநீரையும் விதையையும் முளையையும் காட்டிப் பேசினர். ஆனால் அவற்றில் எதிலும் கணத்தைத் தனியே பிரித்து அளந்து காட்ட ஒருவராலும் இயலவில்லை. கணந்தோறும் மாறுவதையும் மாறாது நிற்பதையும் இரண்டு அங்குலத்துக்குள் அருகருகே வைத்து அளந்து பார்க்கக் கூடிய ஒரு பொருள் இன்று மிக மலிவாகக் கிடைக்கிறது. மின்னணுச் சுற்றுகளில் உயர்ந்த மின்னழுத்தத்தைத் தாழ்ந்த மின்னழுத்தமாக இறக்கித் தரும் சிறு பலகையே அது. கடைகளில் அதைப் பக் கன்வெர்ட்டர் என்று கேட்டு வாங்குகின்றனர்.

இப்பலகை எதற்காகத் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. வண்டியின் பேட்டரி 12 வோல்ட் தருகிறது. நுண்கட்டுப்படுத்தி, உணரி முதலிய மின்னணு உறுப்புகள் பலவும் 5 வோல்ட்டையே ஏற்கின்றன. இதற்குப் பழைய வழி, 7805 போன்ற நேரியல் ரெகுலேட்டர் ஒன்றை இடையில் வைப்பது. அதனுள் இருக்கும் டிரான்சிஸ்டர் முழுதும் இணைக்காமலும் முழுதும் துண்டிக்காமலும் இடைநிலையில் நின்று, மிகுதியான 7 வோல்ட்டைத் தானே தாங்கிக்கொள்ளும். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் செல்லும்போது அது 7 வாட் வெப்பமாக வெளியேற, எடுத்த ஆற்றலில் ஏறத்தாழ 42 விழுக்காடு மட்டுமே பயன்படும். இவ்வமைப்பில் 5 வோல்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விடை எளிது. வெளிவாயிலில் எந்தக் கணத்தில் அளந்தாலும் அது இருக்கிறது. அதைத் தோற்றுவித்த பகுதிகளிலும் துண்டுபடுதல் எதுவும் இல்லை. நிலைத்ததிலிருந்து நிலைத்ததே பிறக்கிறது என்பதால் இங்கே தத்துவத்துக்கு வேலை குறைவு.

பக் கன்வெர்ட்டர் வேறு வழியில் செல்கிறது. எல்.எம். 2596 என்னும் சில்லைக் கொண்டு செய்யப்படும் நீலநிறப் பலகை அவ்வகையில் மிகப் பரவலானது. நான்கு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் நீளமும் இரண்டு சென்டிமீட்டர் அளவு அகலமும் கொண்ட அதில், ஐந்து கால்களையுடைய கரிய சில்லு ஒன்றும், இரு ஓரங்களிலும் உருளை வடிவில் மின்தேக்கிகள் இரண்டும், செம்புக் கம்பி சுற்றிய காயில் ஒன்றும், டயோடு ஒன்றும், பித்தளைத் திருகு தலைநீட்டும் நீலப் பெட்டியாக ஒரு பிரீசெட்டும் பொருத்தப்பட்டிருக்கும். மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைச் சேர்த்து வைப்பது. உள்வாயிலில் 100 மைக்ரோ ஃபாரட், வெளிவாயிலில் 220 மைக்ரோ ஃபாரட் என்பது வழக்கமான அளவு. காயிலின் தலையில் பெரும்பாலும் 470 என்று அச்சிட்டிருக்கும்; கடைசி இலக்கம் எத்தனை சுழி சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்வதால் அதன் மதிப்பு 47 மைக்ரோ ஹென்றி. பித்தளைத் திருகைத் திருப்ப வெளிவரும் மின்னழுத்தம் மாறும். ஆனால் பிரீசெட் பல சுற்றுகளைக் கொண்டதாகையால், முதற்சில திருப்பல்களில் அளவியின் முள் அசையாதிருப்பதும் உண்டு.

சில்லுக்குள் இருக்கும் சுவிட்சு இடைநிலை அறியாதது. முழுதும் இணைக்கும், அல்லது முழுதும் துண்டிக்கும். நொடிக்கு 1,50,000 முறை அது இவ்வாறு செய்வதால் ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 6.7 மைக்ரோ நொடி ஆகிறது. மைக்ரோ நொடி என்பது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்குவதற்கு, உறுப்புகளின் சிறு இழப்புகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால், சுழற்சியின் பன்னிரண்டில் ஐந்து பங்கு, அதாவது 2.8 மைக்ரோ நொடி சுவிட்சு இணைத்திருந்து, எஞ்சிய 3.9 மைக்ரோ நொடி துண்டித்திருக்க வேண்டும். மின்னழுத்தம் நேரத்தோடு மாறும் விதத்தைத் திரையில் வரைந்து காட்டும் அலைகாட்டியின் முனையைச் சுவிட்சுக்கும் காயிலுக்கும் இடையிலுள்ள சந்தியில் வைத்தால், திரையில் தெரிவது சதுரச் சதுரமான அலை. ஒரு கணம் 12 வோல்ட்டை ஒட்டி நிற்கும். மறுகணம் சுழிக்குச் சற்றுக் கீழே கிடக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் நொடிப்பொழுதினும் மிகக் குறைந்த காலத்தில் கடந்துபோவதைத் தவிர, அங்கே 5 வோல்ட் எந்நேரமும் இல்லை. அதே முனையைக் காயிலின் மறுபுறத்துக்கு நகர்த்தினால் திரையில் நேர்க்கோடு தெரியும். அது 5 வோல்ட். சில பத்து மில்லிவோல்ட் அளவுக்கு மேலும் கீழும் நெளியும் சிற்றலை மட்டுமே அதில் எஞ்சியிருக்கும்.

ஆகவே வினா கூர்மையடைகிறது. தோற்றுவாயில் ஒருபோதும் இல்லாத ஐந்து, வெளிவாயிலில் எப்படி எப்போதும் இருக்கிறது? அது சராசரி என்பதே உடனடியாகச் சொல்லப்படும் விடை. சராசரி என்பது கணக்கிடுபவரின் மனத்தில் இருக்கும் எண்தானே என்று பௌத்தர் திருப்பிக் கேட்பர். அவர்களின் நோக்கில் உண்மை இருவகைப்படும்: ஆராய்ச்சிக்கு நிற்கும் முடிந்த உண்மை பரமார்த்தம்; உலகம் வசதிக்காக வழங்கும் உண்மை சம்விருதி. பன்னிரண்டும் சுழியும் பரமார்த்தம், ஐந்து சம்விருதி என்று அவர்கள் கூறக்கூடும். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐங்கந்தங்களின் ஓடும் தொடருக்கு ‘ஆள்’ என்று பெயரிடுவதைப் போன்றதே மாறிமாறி வரும் பன்னிரண்டுக்கும் சுழிக்கும் ‘ஐந்து’ என்று பெயரிடுவதும் என்பது அவர்களின் வாதமாக அமையும். இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. சந்தியில் மட்டும் முனையை வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு இதைவிடச் சரியான விளக்கம் இருக்கவும் முடியாது.

இவ்வாதத்தின் எல்லையைக் காட்ட இன்னொரு சுற்று உதவுகிறது. அதே வகைச் சுவிட்சைக் காயிலும் மின்தேக்கியும் இல்லாமல் ஓர் எல்.இ.டி. விளக்கோடு இணைத்து, நொடிக்குச் சில நூறு முறை, அதே பன்னிரண்டில் ஐந்து பங்கு விகிதத்தில் இயக்கினால் விளக்கு மங்கலாக எரிவதாகத் தெரியும். விளக்குகளின் ஒளியைக் குறைப்பதற்குப் பரவலாகக் கையாளப்படும் முறை இதுவே. ஆனால் அவ்விளக்கில் மங்கலான ஒளி என்பதே இல்லை. முழு ஒளியும் முழு இருளும் மட்டுமே மாறிமாறி உள்ளன. இருட்டறையில் அவ்விளக்கைக் கையில் பிடித்து வேகமாக அசைத்தால், தொடர்ந்த கோட்டுக்குப் பதிலாகப் புள்ளி புள்ளியாக ஒளி விழுவதைக் கண்ணே கண்டுகொள்ளும். கைபேசியின் கேமராவை அதன்முன் நீட்டினால் திரையில் கரும்பட்டைகள் ஓடும். இங்கே சராசரி எடுப்பது கண். கண்ணை நீக்கிவிட்டால் சராசரியும் நீங்கிவிடுகிறது.

பக் கன்வெர்ட்டரில் நிகழ்வது இதுவன்று. வெளிவாயிலில் கண்ணுக்குப் பதில் அலைகாட்டியை வைத்தாலும், நொடியின் கோடியில் ஒரு பங்கை அளக்கும் கருவியை வைத்தாலும், பன்னிரண்டும் சுழியும் அங்கே அகப்படுவதில்லை. யாரும் பார்க்காவிட்டாலும், அளக்காவிட்டாலும், அங்கே உள்ளது ஐந்துதான். சுவிட்சு ஒன்றே, விகிதம் ஒன்றே, கணக்குத்தாளில் எழுதப்படும் சராசரியும் ஒன்றே. எனினும் ஒன்றில் சராசரி காண்பவரிடத்தில் இருக்கிறது, மற்றதில் பொருளிடத்தில் இருக்கிறது. முன்னதைக் காண்பார்வயச் சராசரி என்றும் பின்னதைப் பொருள்வயச் சராசரி என்றும் இங்கே வழங்கலாம். கணபங்க வாதத்தில் நெடுங்காலம் முடிவு காணப்படாமல் கிடந்த பூசலில் ஒரு பகுதி, இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் ‘தொடர்’ என்ற ஒரே பெயருக்குள் வைத்துப் பேசியதால் விளைந்தது. பௌத்தர் எல்லாத் தொடர்ச்சியையும் எல்.இ.டி. விளக்கின் மங்கலொளியாகக் கண்டனர். அவர்களை மறுத்தவர்களோ தொடர்ச்சி மெய்யாக வேண்டுமெனில் அழியாத ஒரு பொருள் அடியில் இருந்தே தீர வேண்டும் என்றனர். இரண்டுக்கும் இடையில் மெய்யானதும் அழியக்கூடியதுமான ஒரு தொடர்ச்சிக்கு இடமுண்டு என்பதைப் பக் கன்வெர்ட்டர் காட்டுகிறது.

பௌத்தரின் சொந்த அளவுகோலே இதற்குச் சான்றளிக்கிறது என்பதுதான் வியப்பு. காஞ்சியை ஒட்டிய பகுதியில் பிறந்தவர் என்று மரபு கூறும் திக்நாகரின் வழியில் வந்தவரும், 7ஆம் நூற்றாண்டினருமான தர்மகீர்த்தி, உள்ளது என்பதற்கு இலக்கணம் பயன்விளைக்கும் ஆற்றல் என்று வரையறுத்தார். வடமொழியில் அது அர்த்தக்கிரியை எனப்படும். ஒன்றையும் விளைக்காதது இல்லாததற்குச் சமம். இந்த இலக்கணத்தை வெளிவாயிலிலுள்ள ஐந்துக்குப் பொருத்திப் பார்த்தால், அது முழுமையாகப் பொருந்துகிறது. 5 வோல்ட்டில் இயங்கும் நுண்கட்டுப்படுத்தியைச் சந்தியோடு நேரே இணைத்தால் அது கருகும். காயிலுக்கு மறுபுறத்தில் இணைத்தால் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். விளைவு இவ்வளவு வேறுபடும்போது, இரண்டிடத்திலும் உள்ளது ஒன்றே, பெயரிடுதலில்தான் வேறுபாடு என்று கூற இயலாது. சம்விருதி என்று ஒதுக்கப்பட்ட ஐந்து, தர்மகீர்த்தியின் நூலை வைத்தே பரமார்த்தத்தின் வரிசையில் இடம் கேட்கிறது.

இந்த வேறுபாட்டைச் செய்வது காயில். 1831ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி, சுருளின் வழியே செல்லும் மின்னோட்டம் மாற முற்படும்போது அம்மாற்றத்தை எதிர்க்கும் மின்னழுத்தம் சுருளிலேயே தோன்றுகிறது. சுவிட்சு இணைத்திருக்கும் 2.8 மைக்ரோ நொடியில் காயிலின் இரு முனைகளுக்கிடையே 7 வோல்ட் நிற்கிறது. அப்போது மின்னோட்டம் திடீரென்று பாயாமல் சாய்தளத்தில் ஏறுவதுபோல் ஏறி, 47 மைக்ரோ ஹென்றிக் காயிலில் ஏறத்தாழ 0.4 ஆம்பியர் உயர்கிறது. சுவிட்சு துண்டித்ததும் மின்னோட்டம் அறுந்துவிடுவதில்லை; காயிலைச் சுற்றிக் காந்தப்புலமாகத் தங்கியிருந்த ஆற்றல், டயோடின் வழியே வட்டத்தை முடித்துக்கொண்டு வெளிவாயிலுக்குச் சென்றுகொண்டே இருக்கிறது; அந்த 3.9 மைக்ரோ நொடியில் மின்னோட்டம் முன்பு ஏறிய அதே அளவு இறங்குகிறது. ஏழை 2.8ஆல் பெருக்கினாலும் ஐந்தை 3.9ஆல் பெருக்கினாலும் ஏறத்தாழ ஒரே மதிப்பு வருவது தற்செயலன்று. ஏற்றமும் இறக்கமும் சமப்படும் அப்புள்ளியில்தான் ஐந்து பிறக்கிறது. சராசரி எடுத்தல் என்னும் செயலை இங்கே காயில் தன் உடலால் செய்கிறது. ஆற்றல் வெப்பமாக வீசப்படாமல் இவ்வாறு கொண்டுசேர்க்கப்படுவதால், இப்பலகை எடுத்த ஆற்றலில் 80 விழுக்காட்டை ஒட்டித் தருகிறது. டயோடுக்குப் பதிலும் சுவிட்சையே வைத்த பிற்கால வகைகள் 90 விழுக்காட்டையும் தாண்டுகின்றன.

இவ்விடத்தில் பௌத்தர் கூறக்கூடிய மறுமொழி வலிமையானது, அதை மறைக்காமல் எடுத்துரைப்பதே நேர்மை. காயிலுக்குள் மாறாத பொருள் ஏதேனும் கடத்தப்படுகிறதா? மின்னோட்டம் கணந்தோறும் ஏறுகிறது அல்லது இறங்குகிறது, காந்தப்புலமும் அவ்வாறே. முன்கணத்தின் நிலை பின்கணத்தின் நிலைக்குக் காரணமாகிறது, அவ்வளவே. மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் கூறிய விடையும் இதுவே: இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றுமன்று, வேறுமன்று, ஒன்றைச் சார்ந்து மற்றது தோன்றுகிறது. இது வரைக்கும் காயில் பௌத்தருக்கே துணைநிற்கிறது. ஆனால் கணம் என்பதற்கு நீளமே இல்லையெனில் வேறொரு சிக்கல் எழுகிறது. காயிலில் தோன்றும் மின்னழுத்தம், மின்னோட்டம் எவ்வளவு என்பதைப் பொறுத்ததன்று. அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. மாறும் வேகம் என்பது தனித்த ஒரு கணத்துக்குள் அடங்காது, முன்னையும் பின்னையும் சேர்த்தே பொருள்படும். இக்கணத்தில் உள்ள மின்னழுத்தம் மெய் என்றால், அதற்குள் அண்டைக் கணங்களின் தொடர்பும் மெய்யாக இருக்க வேண்டும். கணம் தனித்து நிற்கும் மணியன்று என்று இதனால் கொள்ள வேண்டியிருக்கிறது. முன்கணம் பின்கணத்தை விளைக்கும் ஆற்றலைத் தன்னுள் உடையது என்று பௌத்த நியாய நூலார் கூறியபோது, அவர்களும் இந்தத் தொடர்பை வேறு பெயரால் ஏற்றுக்கொண்டவர்களே ஆகின்றனர்.

சமய நோக்கில் இவ்வேறுபாட்டின் பயன் வினைக்கொள்கையில் தெரிகிறது. செய்தவன் அக்கணமே அழிந்துவிட்டால் செய்த வினை பயன் தராமல் கெடும். நுகர்பவன் வேறொருவனாகிவிட்டால் செய்யாத வினையின் பயன் அவன்மேல் வந்து விழும். முன்னது கிருதநாசம், பின்னது அகிருதாப்பியாகமம் எனப்படும். நியாய மரபினரான நையாயிகரும் சமணரும் சைவரும் கணபங்கத்தின்மேல் ஒருமுகமாகச் சுமத்திய குற்றங்கள் இவை. ஆள் என்பது காண்பார்வயச் சராசரியானால் இக்குற்றங்கள் நீங்கா, ஏனெனில் பார்ப்பவர் சேர்த்துக் காண்பதால் ஒருவன் கடன்பட்டவன் ஆகிவிட முடியாது. பொருள்வயச் சராசரியானால் நிலைமை வேறு: நேற்றைய செயல் இன்றைய இயல்பில் காயிலின் மின்னோட்டம்போல் தங்கி, இன்றைய செயலைச் சாய்க்கிறது, கடன் ஏட்டில் எழுதியதாக அன்றி ஆளிலேயே ஊன்றியதாக இருக்கிறது. பௌத்தர் வாசனை என்றும் சம்ஸ்காரம் என்றும் கூறியது இந்தத் தங்கலையே. அதை அவர்கள் ஏற்றுக்கொண்டது அவர்களின் அறவுணர்வுக்குச் சான்று. ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகு ஆளைச் சம்விருதி என்று முற்றும் ஒதுக்குவது அவர்களுக்கே எளிதாக இருந்திராது.

இதே மலையை மறுபக்கத்திலிருந்து ஏறியவர்கள் இஸ்லாமிய இறையியலில் அஷ்அரி நெறியினர். பொருள்களின் பண்புகள் இரண்டு கணம் நிலைப்பதில்லை, இறைவன் அவற்றைக் கணந்தோறும் புதிதாகப் படைக்கிறான் என்று அவர்கள் கொண்டனர். நெருப்புப் பஞ்சைச் சுடுவதும் இறைவனின் செயலேயன்றி நெருப்பின் தன்னாற்றலன்று என்று 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இமாம் கஸ்ஸாலி வாதிட்டார். உலகம் தன்னால் நிற்கவில்லை, நிறுத்தப்பட்டிருக்கிறது என்னும் அவர்களின் உணர்வு ஆழமானது. எனினும் முழுதும் புதிதாகப் படைத்தலும் குறைந்ததை நிரப்புதலும் ஒன்றல்ல. பக் கன்வெர்ட்டருக்குரிய மின்மூலம் சுழற்சிதோறும் ஆற்றலைத் தந்தாக வேண்டும், தராவிட்டால் ஐந்து நில்லாது. ஆயினும் ஒவ்வொரு முறையும் அது புதிய ஐந்தை உண்டாக்குவதில்லை, இருக்கும் ஐந்தின் தேய்வை ஈடுசெய்கிறது. இறைவனைச் சார்ந்திருத்தல், தனக்கென ஓர் இருப்பின்மை ஆகிய இரண்டையும் பிரித்துக் காண இந்த வேறுபாடு இடமளிக்கிறது. படைப்புக்குச் சற்றே தன்னிருப்பை அளிப்பதால் இறைவனின் பெருமை குறைவதாகக் கொள்ளத் தேவையில்லை.

நிலைத்த ஆன்மாவை வற்புறுத்தியவர்களுக்கும் இப்பலகையில் ஒரு சான்று உண்டு. வெளிவாயிலில் எடுக்கப்படும் மின்னோட்டம் கூடினாலும், மூலம் 12இலிருந்து 14 வோல்ட்டாக உயர்ந்தாலும் ஐந்து ஐந்தாகவே நிற்கிறது. வெளிவாயில் மின்னழுத்தத்தின் ஒரு பங்கைச் சில்லு எடுத்து, தன்னுள் வைத்திருக்கும் 1.23 வோல்ட் என்னும் மாறா அளவோடு ஒப்பிட்டு, குறைந்தால் சுவிட்சின் இணைப்புக் காலத்தை நீட்டியும் மிகுந்தால் சுருக்கியும் வருவதே காரணம். ஒப்பிடுவதற்கு ஒன்று மாறாதிருக்க வேண்டும்; முன்னும் பின்னும் அறிந்து ‘அதுவே இது’ என்று மீண்டறிவதற்கு மாறாத அறிவான் ஒருவன் வேண்டும் என்று சைவரும் நையாயிகரும் கூறியதை இது நினைவூட்டுகிறது. நிலைத்த பொருள் விளைவுகளை எல்லாம் ஒருசேர விளைக்க வேண்டும் அல்லது ஒன்றையுமே விளைக்கக் கூடாது, ஆகவே நிலைத்தது எதுவும் இல்லை என்பது பௌத்தரின் கூரிய வாதம். நிலைத்த பொருளும் துணைக்காரணங்கள் வந்து கூடுவதற்கேற்ப முறைமுறையாக விளைவைத் தரும் என்று நையாயிகரான உதயணர் ஆத்மதத்துவவிவேகம் என்னும் நூலில் அதை எதிர்கொண்டார். மாறாத 1.23 வோல்ட்டிலிருந்து கணத்துக்குக் கணம் வேறுபட்ட துடிப்புகள் பிறப்பது உதயணரின் பக்கம் பேசுகிறது.

ஆனால் அந்த 1.23 எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வாதம் இன்னொரு முறை திரும்புகிறது. அது இயல்பாகவே மாறாத ஒரு பொருளிலிருந்து எடுக்கப்படுவதில்லை. சிலிக்கன் சந்தியொன்றின் மின்னழுத்தம் வெப்பநிலை ஒரு பாகை கூடும்போது ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. வெவ்வேறு மின்னோட்ட அடர்த்தியில் இயங்கும் இரு சந்திகளின் மின்னழுத்த வேறுபாடோ வெப்பநிலையோடு கூடுகிறது. இவ்விரண்டாவதைத் தக்க அளவு பெருக்கி முதலாவதோடு கூட்டினால், ஒன்றின் இறக்கத்தை மற்றதன் ஏற்றம் ஈடுகட்டி, கூட்டுத்தொகை மாறாது நிற்கிறது. ராபர்ட் விட்லர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் இம்முறையை நடைமுறைச் சில்லுகளுக்குக் கொண்டுவந்தார். மாறாதது என்று நையாயிகர் சுட்டிய இடத்தைத் திறந்து பார்த்தால், அங்கும் எதிரெதிராக மாறும் இரண்டு காணப்படுகின்றன. பௌத்தர் மகிழலாம், ஆனால் முழுதும் மகிழ முடியாது. அவ்விரண்டின் கூட்டுத்தொகை வேறு எந்த எண்ணிலும் அன்றி 1.2 வோல்ட்டை ஒட்டியே நிலைகொள்வதற்குக் காரணம், எலெக்ட்ரான்கள் பிணைப்பிலிருந்து விடுபடத் தேவைப்படும் ஆற்றல் இடைவெளி என்னும் சிலிக்கனின் அடிப்படைப் பண்பு. சில்லு பழுதாகலாம், ஆலை மூடப்படலாம். அந்த இடைவெளியின் அளவு சிலிக்கன் என்னும் தனிமத்துக்கு உரியது, எந்தச் சந்தானத்தின் ஓட்டத்தாலும் உண்டானதன்று.

சமணர் இவ்விவாதத்தில் எடுத்த நிலை, தமிழில் நீலகேசியின் வாயிலாக அறியப்படுவது, தத்துவ வரலாற்றில் பெறவேண்டிய மதிப்பை இன்னும் பெறவில்லை. உள்ளது எதுவும் தோற்றம், அழிவு, நிலைபேறு என்னும் மூன்றும் உடையது என்பது அவர்களின் வரையறை. வெளிவாயிலின் நேர்க்கோட்டை அலைகாட்டியில் பெருக்கிப் பார்த்தால் அதன்மேல் ஓடும் சிற்றலை தெரியும். ஐந்தும் மெய், அதன்மேல் தோன்றி அழியும் நெளிவும் மெய், இரண்டும் ஒரே முனையில் ஒரே நேரத்தில் அளக்கப்படுகின்றன. இக்கருவியை ஒரு கட்சியிடம் ஒப்படைக்க வேண்டுமெனில் சமணரிடம் ஒப்படைப்பதே நியாயம்.

இவ்வளவும் கூறிய பிறகும் வாதத்தின் மிகக் கடினமான பகுதி எஞ்சுகிறது. பலகைக்கு வரும் மூலத்தைத் திடீரென்று துண்டித்தால் ஐந்து அக்கணமே மறைந்துவிடுவதில்லை. அரை ஆம்பியர் எடுத்துக்கொண்டிருக்கும் சுற்றில், 220 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி தன்னிடமுள்ளதைக் கொடுத்து, நொடியின் ஐந்நூறில் ஒரு பங்கு அளவில் தேய்ந்து சுழியாகிறது. தொடர்ச்சி மெய்யானது, ஆனால் கொண்டுசெல்லும் உறுப்பு உள்ளவரைதான் அது செல்லும் என்பதே இதன் பொருள். உடல் அழிந்த பின்பும் வினை தொடர்ந்து இன்னொரு பிறவியில் பயன் தரும் என்று கூறும் சமயங்கள் எல்லாம், கொண்டுசெல்வது எது என்று இவ்விடத்தில் விடை கூறியாக வேண்டும். என்றும் உள்ள உயிரைக் கொண்ட சைவ சித்தாந்தமும் உயிர் ஒன்றே போதும் என்று நின்றுவிடவில்லை. ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் ஆகிய ஐந்தோடு மனம், புத்தி, அகங்காரம் மூன்றும் கூடிய புரியட்டகம் என்னும் நுண்ணுடம்பு உயிரோடு பிறவிதோறும் செல்வதாகக் கொண்டது. நிலைபேறு ஒன்றே சுமையைத் தூக்காது, மாறக்கூடிய ஓர் உறுப்பே அதைத் தூக்கும் என்பதைச் சித்தாந்திகள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. பௌத்தருக்குள்ளும் இதே இடத்தில் பிளவு ஏற்பட்டது. இறப்புக்கும் மறுபிறப்புக்கும் இடையில் அந்தராபவம் என்னும் இடைநிலை இருப்பு ஒன்று உண்டு, அதுவே தொடரைக் கொண்டுசெல்கிறது என்று சர்வாஸ்திவாதிகள் கூறினர். அப்படி எதுவும் தேவையில்லை, ஓர் உடலின் கடைசி அறிவுக்கணத்தை அடுத்து இன்னோர் உடலின் முதல் அறிவுக்கணம் இடையீடின்றித் தோன்றும் என்பது தேரவாதிகளின் நிலை; இடைநிலை இருப்பை அவர்கள் கதாவத்து என்னும் நூலில் மறுத்தனர். இவ்விரு பௌத்தப் பிரிவினருள் சர்வாஸ்திவாதிகளின் நிலையே, காயிலும் மின்தேக்கியும் இல்லாத இடத்தில் சராசரி பொருளிடத்தில் நிற்காது என்பதை ஏற்றுக்கொண்டவர்களுக்கு இசைவானது.